கோழிக்குப் போட்ட ஐந்து தையல்

பன்னிரண்டு மணிக்கு மாதா கோயிலில் மணி அடிக்கும். அதுவரைக்கும் கோழிக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் காட்டக் கூடாது, அடித்த பிறகு ஒரு ஸ்பூன் கொடுத்துப் பார், தையலில் கசியாவிட்டால் கோழி பிழைத்தது, கசிந்தால் ஆசையை விட்டுவிடு என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்கா வத்தலக்குண்டுக்குத் தங்கை வீட்டுப் பால்காய்ப்புக்குப் போய்விட்டாள். இப்போது மணி பத்தேகால். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பார்த்தபோதும் பத்தேகால்தான். கடிகாரம் நின்றுபோயிற்றோ என்று அமலோற்பவம் நொடிமுள்ளைக் கவனித்தாள், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அதற்கென்ன, கோழியா குட்டியா. தாழ்வாரத்தில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், கால் மிதிபலகையில் இருந்தது, ஊசிக்கு அடியில் கிளிப்பச்சைப் பட்டு ரவிக்கையின் முதுகுத்துண்டு இருந்தது, நாளைக்கு ஒரு பெண்ணுக்கு நிச்சயதார்த்தம், சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும், ஆனால் கால்தான் அசைய மாட்டேன் என்றது. காது மட்டும் அடுப்படியில் இருந்தது. அங்கே கதவுக்குப் பின்னால், பிஸ்கட் அட்டைப்பெட்டியில், வெட்டுத்துணி மெத்தைமேல் பாபின் கிடந்தது. பாபின் என்பது கோழியின் பேர். குஞ்சாக இருந்தபோது மெஷினில் நூல் சுற்றுகிற பாபின் மாதிரி தன்னைத்தானே சுற்றிச் சுற்றி வந்ததால் அவள் வீட்டுக்காரர் வைத்த பேர், அப்போது அவருக்குப் பேச்சு இருந்தது. எழுந்துபோய்ப் பார்க்கலாமா, இப்போதுதானே பார்த்தோம், பார்த்துப் பார்த்தே அதைச் சாகடித்துவிடுவேன் போலிருக்கிறது, இருந்தாலும் ஒரு எட்டு. போனாள். கண்ணை மூடியிருந்தது, கீழிமை மேலே ஏறி மூடும் அந்தக் கோழி மூடல். நெஞ்சுப் பக்கம் சிறகைப் பிய்த்த இடத்தில் தோல் ரோஸாக, வெட்கமில்லாமல் தெரிந்தது, அதில் மஞ்சளும் அதற்கு நடுவே ஐந்து தையலும் தெரிந்தன. வயிறு ஏறியது, இறங்கியது. ஏறியது. இறங்க நேரமானது போலிருந்தது. இறங்கியது. அவளும் மூச்சை விட்டாள்.

தப்பெல்லாம் தன்மேல்தான். இதை நேற்றிலிருந்து எத்தனை தடவை நினைத்தாயிற்று, ஆனாலும் தேய்ந்துபோக மாட்டேன் என்கிறது. தையல் கடை கடைவீதியில் இருந்தவரைக்கும் நூல் பிசிறும் வெட்டுத்துணியும் கடையோடு போயின. வீட்டுக்காரர் பக்கவாதத்தில் விழுந்த பிறகு, ஆளைத் தனியாக விட முடியாதென்று மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து தாழ்வாரத்தில் போட்டாள். எட்டு மாதமாகக் கோழியும் அதே தாழ்வாரம், நூலும் அதே தாழ்வாரம். கோழி எதையும் புழு என்று நினைக்கும், அதற்கு நெளிந்தால் போதும், நூல் நெளியாதா. நான்கு நாளைக்கு முன்னால் தீனியை விட்டது, வாயைத் திறந்தால் புளித்த மாவு வாடை, கழுத்துக்குக் கீழே இரைப்பை எலுமிச்சம்பழம் அளவுக்குக் கல்லாகக் கெட்டித்துக் கிடந்தது. விளக்கெண்ணெய் புகட்டினாள், நீவிவிட்டாள், பையில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள், டாக்டர் முகாமுக்குப் போயிருக்கிறார், வியாழக்கிழமை வாங்க என்றார்கள், வியாழக்கிழமைக்குக் கோழி இருக்க வேண்டுமே. அப்போதுதான் பிலோமினா அக்கா சொன்னாள், "எங்கம்மா பத்துக் கோழிக்கு இப்பிடிப் பண்ணியிருக்குடி. பிளேடால ஒரு கீறு, உள்ள அடைச்சிருக்கிறத எடுத்துப்புட்டு ஊசி நூலால தச்சு மஞ்சள அப்பி விட்டுரும். நீ தையக்காரிதான, ஒனக்கென்ன கை நடுங்கவா போகுது." அவர் தூங்கின நேரமாகப் பார்த்துத் தாழ்வாரத்திலேயே வேலையை வைத்துக்கொண்டார்கள். அக்கா கோழியைத் துணியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தாள், இவள் கீறினாள், விரலை விட்டு இழுத்தாள், வந்துகொண்டே இருந்தது. மாம்பழ மஞ்சள், அது கான்வென்ட் டீச்சரின் ரவிக்கை. கத்திரிப்பூ, அது தபால்காரர் சம்சாரம். ஜரிகைப் பிசிறு, ஈஸ்டருக்குத் தைத்தது. வாடாமல்லி, வெள்ளை, ஒரு முழம் பாவாடை நாடா. எட்டு மாதம் ஊருக்குத் தைத்ததெல்லாம் சிக்குப் பிடித்து ஒரே உருண்டையாகக் கோழியின் நெஞ்சிலிருந்து வந்தது. எந்த நூல் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்ததுதான் கொடுமை.

"ப்பா. பா. பா."

முன்னறையிலிருந்து. வீட்டுக்காரர் குரல். ஞானப்பிரகாசம் கூப்பிடுகிறார். கோழியைக் கூப்பிடுகிறார். வேறு எதைக் கூப்பிடுவார், அவரிடம் இருப்பது அந்த ஒரு சத்தம்தான். திண்டுக்கல்லில் கோட்டுத் தைப்பதென்றால் ஞானப்பிரகாசம் என்று பேர் வாங்கின மனுஷன், கல்யாண மாப்பிள்ளைகள் வரிசையில் நின்ற கடை, வாய் மூடாமல் நக்கல் பேசுகிறவர். ஒருநாள் காலையில் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவர் அப்படியே சரிந்தார். வலக்கை போனது, வலக்கால் பாதி போனது, வாய் ஒரு பக்கமாகக் கோணியது, பேச்சு முழுசாகப் போனது. படம் காட்டிப் பேசவைக்க வந்த பெண் ஆப்பிள் படத்தைக் காட்டி ஆ, ஆ என்று மூன்று மாதம் மன்றாடினாள், அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு ஒருநாள் கோழி கட்டில்மேல் ஏறி அவர் செத்த கையில் உட்கார்ந்தது. ப்பா, பா, பா என்றார். ஊரெல்லாம் கோழியைக் கூப்பிடுகிற சத்தம்தான், ஆனால் அமலோற்பவம் அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து தினம் காலை ஆறு மணிக்குக் கம்பை ஊன்றிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வருகிறார், நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் கம்பு தானியம் தூவுகிறார், கூப்பிடுகிறார், அது ஓடி வருகிறது. அதற்காக எழுந்திருக்கிறார், அதற்காக முகம் கழுவச் சம்மதிக்கிறார். ஓசூரிலிருந்து மகள் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால் அவளுக்கும் அதே பா பாதான், அவள் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்கும், இருந்தாலும் சத்தம் என்று ஒன்று வருகிறதே. கோழி போய்விட்டால் யாரைக் கூப்பிடுவார். கூப்பிட ஆள் இல்லையென்று அதையும் நிறுத்திவிட்டால். அந்த ஒன்றும் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் மெஷினும்தான் சத்தம் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். இன்று காலையும் ஆறு மணிக்கு வந்து தானியம் தூவிக் கூப்பிட்டார், ஒன்றும் வரவில்லை, இவளைப் பார்த்தார். "பாபின் அடை உக்காந்திருக்குங்க, இப்ப வராது" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள். அடை என்றால் இருபத்தோரு நாள், இருபத்திரண்டாம் நாள் குஞ்சுக்கு எங்கே போவாய் அமலோற்பவம், அப்போதாவது யோசித்தாயா. அவர் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்பது மணி வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு முன்னறைக்குப் போனார். போனதிலிருந்து கூப்பிடுகிறார். இவ்வளவு கூப்பிட மாட்டாரே.

"இந்தா வர்றேங்க" என்று குரல் கொடுத்தாள், போகவில்லை. அவர் முகத்தைப் பார்த்துப் பொய்யை இன்னொரு தடவை சொல்ல முடியாது. மெஷினை இரண்டு மிதி மிதித்தாள், நூல் அறுந்தது. ஊசியில் நூல் கோக்கக் குனிந்ததும் அந்த இன்னொரு பயம் வந்துவிட்டது, காலையிலிருந்து ஒதுக்கி ஒதுக்கி வைத்த பயம். நேற்றுத் தைத்த கையூசி எங்கே. ஐந்தாவது தையல் போட்டு முடிச்சிட்டு நூலை வெட்டினது நினைவிருக்கிறது. மஞ்சளை அப்பினது நினைவிருக்கிறது. அக்கா "மூச்சு விடுதுடி" என்றதும், கோழியைத் தூக்கிக்கொண்டு ஓடினதும் நினைவிருக்கிறது. ஊசியை எங்கே வைத்தோம் என்பது மட்டும் நினைவில்லை. முப்பது வருஷத் தையல்காரி ஊசியைத் தொலைப்பாளா, தொலைத்தாள். ஊசி தரையில் விழுந்திருந்தால் சரி. மேசைமேல் இருந்தால் சரி. இரண்டு இடத்திலும் இல்லை, அவர் முன்னறைக்குப் போனதும் முட்டிபோட்டு உள்ளங்கையால் தரை முழுக்கத் தடவிப் பார்த்தாயிற்று. கயிற்றில் கட்டின காந்தம் இருந்தால் ஒரு நிமிஷ வேலை, பழைய ஸ்பீக்கரில் பிடுங்கின வட்டக் காந்தம், கோட்டுக் கடைக் காலத்திலிருந்து ஆணியில் தொங்குவது, அது ஆணியில் இல்லை. வைத்த இடத்தில் ஒன்றும் இல்லாத வீடாகிவிட்டது. தரையிலும் இல்லை, மேசையிலும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது ஒரே இடம்தான். மஞ்சளை அப்பி அழுத்தினபோது. தையல் இடுக்கு வழியாக. உள்ளே போயிருக்குமா. தைத்து மூடின பைக்குள் ஊசி கிடந்து, அது மூச்சு விடும்போதெல்லாம், ஏறும்போதெல்லாம், இறங்கும்போதெல்லாம். ஐயோ மாதாவே. எழுந்து தண்ணீர் குடித்தாள். குடிக்கும்போதே அடுப்படி மூலையில் தண்ணீர் இல்லாமல் கிடப்பதன் ஞாபகம் வந்து பாதித் தம்ளரை வைத்துவிட்டாள்.

வாசலில் செருப்புச் சத்தம். நிச்சயதார்த்தப் பெண்ணின் அம்மா செல்வராணி, நேராகத் தாழ்வாரத்துக்கே வந்துவிட்டாள்.

"என்னக்கா, இன்னும் முதுகுலயே இருக்கீங்க? நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மாப்பிள வீட்டுக்காரங்க வந்துருவாங்க."

"சாயங்காலம் ஆறரைக்கு வா செல்வராணி, ஊக்கு வச்சு அயன் பண்ணியே தர்றேன்."

"லைனிங் நல்லா ஒட்டி இருக்கணும்க்கா. போன தடவ வேற எடத்துல தச்சது, உள்துணி தனியா சுருண்டுக்கிட்டு ஒரே வம்பு."

"என்கிட்ட அப்பிடி வராது. ரெண்டையும் சுத்தியும் சேத்து அடிச்சு ஒரே துணியாக்கிட்டுத்தான் மேற்கொண்டு தைப்பேன்."

"அது தெரிஞ்சுதான வர்றேன். அண்ணன் எப்பிடி இருக்காங்க? பா பான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க, போயி என்னன்னு கேளுங்க."

"கோழியக் கூப்பிடுறாரு."

"கோழி எங்க?"

"அடை" என்றாள் அமலோற்பவம். பொய் இரண்டாவது தடவை கூசாமல் வந்தது.

அவள் போன பிறகு நூல்கண்டைப் பார்த்தாள். கிளிப்பச்சை. நேற்று அவசரத்தில் கைக்கு அகப்பட்டது இதே கண்டுதான், ஒரு பாகத்தை வெந்நீரில் கொதிக்கவைத்துக் கோழிக்குத் தைத்தாள், மிச்சம் நாளைக்கு ஒரு பெண்ணின் முதுகில் உட்காரப் போகிறது. சொன்னால் செல்வராணி ரவிக்கையை வாசலிலேயே எறிந்துவிட்டுப் போவாள். கோழி செத்துப்போனால் இந்த நூல் அபசகுனமா. பிழைத்தால் சகுனமா. நூலுக்குத் தெரியுமா யார் யாரென்று. அவர் இருந்தால், இருக்கிறார், பேச்சு இருந்தால் இதற்கு ஏதாவது கிண்டல் பண்ணியிருப்பார். ரவிக்கைக்காரி என்றுதான் கூப்பிடுவார், கோபம் வந்தாலும் கொஞ்சினாலும் அதே பேர்தான். அவருக்குக் கோட்டு மட்டும்தான் தையல், மிச்சமெல்லாம் ஒட்டுப்போடுவது. தப்பாகத் தைத்தால் வாயைத் திறக்க மாட்டார், மேசையில் சாக்குக்கட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார், பிரி என்று அர்த்தம். சரியாக இருந்தாலும் வாயைத் திறக்க மாட்டார், தொங்கும் நூல்முனையைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுத் துணியை அந்தப் பக்கம் போடுவார், பாஸ் என்று அர்த்தம். மற்ற நேரத்தில் ஊரே கேட்கப் பேசுகிற வாய் தையலுக்கு மட்டும் பேசாது. எத்தனை ரவிக்கையைத் தட்டினார், எத்தனை கடித்தார். நேற்றைய ஐந்து தையலைக் காட்டினால் தட்டுவாரா கடிப்பாரா. ஏன் இந்த நினைப்பு வருகிறது. தையல் நன்றாகத்தான் விழுந்தது, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, சரியான இடைவெளியில், இழுத்துப் பிடித்து ஐந்து. ப்பா, பா, பா. கூப்பிடாதீங்க, தயவுசெய்து கொஞ்ச நேரம் கூப்பிடாதீங்க. இதைப் போய் நினைத்தோமே என்று உடனே வாயில் அடித்துக்கொண்டாள். அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வராதா என்று வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டவள் அவள்தான்.

பதினொன்றே முக்காலுக்குத் தாங்கவில்லை, பிலோமினா அக்காவுக்குப் போன் அடித்தாள். பின்னால் மைக்செட்டும் பந்திச் சத்தமும்.

"என்னடி, மணி அடிச்சிருச்சா?"

"இல்லக்கா. ஊசியக் காணோம். ஒங்க சேலையில கீலையில குத்திக்கிட்டு வந்துட்டீங்களா?"

"என் சேலையில ஊசி குத்தினா எனக்குத் தெரியாதா? நல்லாத் தேடிப் பாரு."

"அக்கா, ஒண்ணு கேக்குறேன். ஒங்கம்மா பத்துக் கோழிக்குத் தச்சாங்கன்னீங்களே. எத்தன பொழச்சுச்சு?"

அந்தப் பக்கம் அக்கா யாருக்கோ பாயசம் ஊற்றச் சொன்னாள்.

"அது இருக்கும்டி. ரெண்டு."

"ரெண்டா?"

"ரெண்டுன்னுதான் நெனைக்கிறேன். மிச்சத்தக் கொழம்பு வச்சோம். நீ மனசத் தளர விடாத."

போனை வைத்துவிட்டு அடுப்படித் தரையில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பத்தில் இரண்டு. பத்தில் எட்டுக் குழம்பு. சின்ன வயதுப் பிலோமினா அக்கா அந்த எட்டையும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டிருப்பாள், குண்டாகத்தானே இருக்கிறாள். கோபம் வந்தது, கோபம் நல்லதாக இருந்தது, கொஞ்ச நேரம் பயத்துக்கு இடம் விடவில்லை. பாபின் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. கொண்டை வெளிறி, பழைய ரிப்பன் மாதிரித் தொங்கியது. உன்னை யார் நூலைத் தின்னச் சொன்னது, கழுதை, தானியம் தூவுகிறாரே உனக்கு, போதவில்லையா. அதன் தலையை விரலால் தடவினாள், சூடாக இருந்தது, கோழி சூடாகத்தான் இருக்கும், இது அதிகமா, சாதாரணமா, இத்தனை நாள் கோழி வளர்த்தும் அதன் சூடு எவ்வளவு என்று தெரியாமல் இருந்திருக்கிறோமே. அவர் விழுந்த அன்று நெற்றியைத் தொட்டபோதும் இதே மாதிரிதான், முப்பது வருஷம் பக்கத்தில் படுத்த மனுஷனின் சூடு எவ்வளவென்று தெரியாமல் நின்றாள். இதைக் கொன்றது யார் என்று அவருக்கு எப்படிச் சொல்வது. உங்கள் கோழியை நான் நூலைத் தின்னவிட்டேன், பிறகு பிளேடால் அறுத்தேன், பிறகு ஊசியையும் உள்ளே விட்டேன். கேட்டுக்கொண்டு பா என்பார். அல்லது ஒன்றுமே சொல்ல மாட்டார், இனிமேல் எப்போதுமே.

மணி அடித்தது. பன்னிரண்டும் அடித்து முடிகிறவரைக்கும் சிலுவை போட்ட கையை எடுக்கவில்லை. பிறகு கோழியை மடியில் வைத்து, அலகின் ஓரமாக மருந்து ஸ்பூனில் சொட்டுச் சொட்டாக விட்டாள். குடித்தது. தலையைத் தூக்கி, தொண்டையை அசைத்து, ராணி மாதிரி விழுங்கியது. இன்னொரு சொட்டு. இன்னொன்று. நெஞ்சு லேசாகப் புடைத்தது. அவள் குனிந்து பார்த்தாள், மஞ்சள் காய்ந்துதான் இருந்தது, மூன்றாவது தையலுக்கும் நான்காவது தையலுக்கும் நடுவில் ஏதோ பளபளத்தது, கண்ணீர் கண்ணை மறைக்கிறதாக்கும் என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஒரு சொட்டு. அது மஞ்சளைக் கரைத்துக்கொண்டு தோலில் வழிந்து அவள் புடவையில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. அவ்வளவுதான். அவருக்குத் தண்ணீர் கொடுக்கும்போதும் கோணின பக்கமாக இப்படித்தான் வழியும், துண்டால் துடைத்துவிட்டு அடுத்த வாய் கொடுப்பாள், அதற்காக யாரும் ஆசையை விட்டுவிடு என்று சொல்லவில்லையே. அவள் வாய்விட்டு அழுதாள், கோழியைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி, முன்னறைக்குக் கேட்கும் என்பதையும் மறந்து.

கேட்டது. டக். இழுவை. டக். இழுவை. கம்பும் காலும். பெட்டிக்குள் வைத்து மூட நேரம் இருந்தது, கை வரவில்லை. ஞானப்பிரகாசம் அடுப்படி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளைப் பார்த்தார், அவள் மடியைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. இதென்ன, அதிர்ச்சியில் இன்னொரு தடவை விழுந்துவிடுவார் என்றல்லவா பயந்திருந்தாள், அவர் நின்ற நிலையைப் பார்த்தால் டிரையலுக்கு வந்த கோட்டைப் பார்க்கிற மாதிரி இருந்தது. "என்னை மன்னிச்சிருங்க. அடையெல்லாம் இல்ல. நூலைத் தின்னுருச்சு, நான்தான் அறுத்துத் தச்சேன், ஊசியவும் உள்ள விட்டுட்டேன், தண்ணி ஒழுகுது, செத்துரும்" என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவர் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு இடது கையைத் தன் சட்டைக் காலருக்குக் கொண்டுபோனார். முப்பது வருஷம் ஊசி குத்திவைத்த இடம். அங்கே ஒரு கையூசி குத்தியிருந்தது, அதன் காதில் ஒரு விரற்கடைக் கிளிப்பச்சை நூல் தொங்கியது, நூல்முனை ரத்தத்தில் காய்ந்து கறுத்திருந்தது. சட்டைப்பையில் காந்தத்தின் கயிறு வெளியே தொங்கியது. அவளுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. காலையில் தரையையே பார்த்துக்கொண்டிருந்தது ஊசியைத்தான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே காந்தத்தை விட்டுத் தூண்டில் போட்டு எடுத்திருக்கிறார். காலையிலிருந்து தொண்டை நோகக் கூப்பிட்டது கோழியை இல்லை, இவளைத்தான், ஊசியைக் கொடுப்பதற்கு. இருக்கிற ஒரு சத்தத்தில்தானே எல்லாரையும் கூப்பிட முடியும். அவள் அடுப்படியில் ஒளிந்துகொண்டிருந்தாள்.

ஊசி உள்ளே இல்லை என்ற நிம்மதி ஒரு நிமிஷம்கூட இருக்கவில்லை, தண்ணீர்தான் ஒழுகுகிறதே. அவர் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினார். கோழியைக் கொண்டுபோய் மடியில் வைத்தாள். ப்பா என்றார் அதனிடம், மெதுவாக. இடது கைக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தையலின்மேல் வைத்துத் தோலைக் கிள்ளிப் பிடித்து இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்தப் பக்கம் நகர்த்தினார். மறுபடியும் நகர்த்திப் பார்த்தார். இது கோட்டில் உள்துணி பார்க்கிற கை. எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள், மேல்துணியைக் கிள்ளி உருட்டுவார், உள்துணி தனியாக வழுக்கிக்கொண்டு போக வேண்டும். "உள்துணி தனியாத் தொங்கணும்டி ரவிக்கைக்காரி. ஆள் கையத் தூக்குறப்ப மேல்துணி போற பக்கமெல்லாம் அது போகக்கூடாது, போனா தையல் வாயத் தொறந்துரும்" என்பார் அப்போதெல்லாம். இப்போது தோல் நகரவில்லை. தோலும் உள்ளே இருக்கும் பையும் ஒன்றாகவே வந்தன. தையல் இருந்த இடத்தில் இரண்டும் ஒரே துணி. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், அடுப்புமேடையில் விரல்கணுவால் தட்டினார். இரண்டு தட்டு.

நெஞ்சுக்குள் ஏதோ தெளிந்தது. ரவிக்கைக்காரியின் கை. லைனிங்கையும் மேல்துணியையும் முதலில் சேர்த்து அடித்து ஒன்றாக்கிவிட்டுத்தான் எதையும் தைக்கும் கை. அது நேற்று யோசிக்கவே இல்லை, பையின் ஓரத்தையும் தோலின் ஓரத்தையும் சேர்த்துக் குத்தி ஒரே இழுப்பாக இழுத்துவிட்டது. உள்ளே பை ஒரு பக்கம் இழுக்க, வெளியே தோல் ஒரு பக்கம் இழுக்க, நடுவில் ஓட்டை. இதைப் போய்ச் செல்வராணியிடம் பெருமையாக வேறு சொன்னோம். "பிரிச்சுத் தைக்கவா? தாங்குமா?" என்றாள். அவர் கோழியின் இரண்டு சிறகையும் இடது கையால் அணைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார், செத்த வலக்கையை அதன் கால்கள்மேல் பாரமாகத் தூக்கி வைத்தார், அந்தக் கை பாரத்துக்காவது உதவியது. அவள் ஊசியையும் நூலையும் கொதிக்கவைத்தாள், உப்புத் தண்ணீரில் கை கழுவினாள். ஐந்தையும் பிரித்தாள். பாபின் ஒரு தடவை கத்தியது, அவர் பா, பா, பா என்றார், அது அடங்கியது. முதலில் பை மட்டும். ஓரத்தை உள்ளே மடித்து, எறும்பு வரிசையாகப் பொடித் தையல், ஒன்பது விழுந்தது. ஸ்பூனில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தாள், கசியவில்லை, இருந்தாலும் நம்பவில்லை. அப்புறம் தோல் மட்டும், ஐந்து. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுக் கத்தரிக்கோலுக்குக் கையை நீட்டினாள், அவர் தலையை ஆட்டினார். இரண்டு விரலால் கிள்ளி நகர்த்திப் பார்த்தார். தோல் மட்டும் தனியாக நகர்ந்தது. பிறகு குனிந்தார். எட்டு மாதமாகச் சரியாக மூடாத வாய், கோணின உதடு, அதைக் கோழியின் நெஞ்சுக்குக் கொண்டுபோய், தேடி, நூல்முனையைக் கடைவாய்ப் பல்லில் கவ்வினார். முதல் தடவை நழுவியது. இரண்டாவது தடவை கடித்தார். துப்பினார், துப்பினது நாடியில் ஒட்டிக்கொண்டது, அவள் எடுத்துவிட்டாள். எடுத்த விரல் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

மறுபடியும் காத்திருப்புத்தான், ஆறு மணிக் கோயில் மணி வரைக்கும். பயம் எங்கேயும் போய்விடவில்லை, ஆனால் இப்போது அதைப் பங்குபோட ஆள் இருந்தது. பெட்டியைத் தாழ்வாரத்துக்கே கொண்டுவந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். தரையைக் கூட்டினாள், மூலை முடுக்கெல்லாம், ஒரு நூல் பிசிறு இல்லாமல். மெஷினில் உட்கார்ந்தாள். கிளிப்பச்சை ஓடியது, லைனிங்கையும் பட்டையும் சேர்த்துத்தான் அடித்தாள், ரவிக்கைக்கு அதுதான் முறை, கோட்டுக்காரர் என்ன சொன்னாலும். நடுநடுவே எட்டிப் பார்த்தாள், நடுநடுவே அவர் எட்டிப் பார்த்தார், ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்த்துவிட்டால் இருவரும் பார்வையை எடுத்துக்கொண்டார்கள். ஏறுகிறதா, ஏறுகிறது. இறங்குகிறதா. நான்கு மணிக்கு ஒரு எச்சம் போட்டது, பச்சையாக, கொஞ்சம்தான், அவள் அதைப் பெரிய வரவாகப் பார்த்துவிட்டுத் துணியை மாற்றினாள். ஆறுக்கு மணி அடித்தபோது கடைசி ஊக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஸ்பூன் வேண்டாம் என்று பாட்டில் மூடியில் தண்ணீர் வைத்தாள். பாபின் அதைப் பார்த்தது. கழுத்தை நீட்டித் தானாகவே ஒரு வாய் எடுத்தது, தலையைத் தூக்கி விழுங்கியது, இன்னொரு வாய், இன்னொரு வாய். அவள் தரையில் படுக்காத குறையாகக் குனிந்து நெஞ்சைப் பார்த்தாள். மஞ்சள் காய்ந்திருந்தது. விரல் வைத்தாள், காய்ந்துதான் இருந்தது. ஒரு மாதா மந்திரம் சொல்லி முடித்து மறுபடி வைத்தாள். விரலை அவரிடம் நீட்டிக் காட்டினாள், அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடித் திறந்தார்.

நாளைக்கு என்னவோ, சீழ் வைக்குமோ, காய்ச்சல் வருமோ, அதெல்லாம் நாளைக்கு. ரவிக்கையை மடித்து உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் சத்தம் கேட்டது. ப்பா. பா. பா. அமலோற்பவம் மடித்ததைப் போட்டுவிட்டு எழுந்தாள். அட்டைப்பெட்டிக்குள்ளும் ஏதோ சரசரத்தது, பாபின் இரண்டு காலையும் ஊன்றி, ஆடி, பெட்டி விளிம்புக்கு மேலே தலையை நீட்டி நின்றது. அவர் யாரைக் கூப்பிட்டார் என்று அவள் கேட்கவில்லை. இரண்டு பேரும் அவரிடம் போனார்கள்.